அமெரிக்க கெஸ்ட்ரல் குறைவதற்கு டிடிடிதான் காரணம் என்று எழுதலாமா?

கெடிலக்கரை

வணக்கம். நான் கடலூர்க்காரி, எம்.எஸ்சி. புள்ளியியல் கடைசி வருடம். பறவைகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ப்ராஜெக்டுக்கு ஐம்பது வருடத்துக்குக் குறையாத தரவு வேண்டும், காசில்லாமலும் கிடைக்க வேண்டும் என்று தேடிக்கொண்டே போனதில் வட அமெரிக்காவில் இனப்பெருக்கக் காலத்தில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு கிடைத்தது. 1966-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அதில் அமெரிக்க கெஸ்ட்ரலை எடுத்தேன். மைனா அளவே இருக்கிற ஒரு குட்டி வல்லூறு, ஆணுக்கு முதுகு செங்கல் நிறம், இறக்கை சாம்பல் நீலம். படத்தில் அழகாக இருந்தது, அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கோடு கீழே போகிறது. 1966 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சுமார் 1.4 சதவீதம் குறைவு என்று அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள், எனக்கும் அதை ஒட்டித்தான் வருகிறது. இதுவரை பிரச்சினை இல்லை. கடைசி அத்தியாயம்தான் பிரச்சினை. "காரணம் எழுதாமல் முடிவுரை எழுதினால் வைவாவில் என்ன சொல்வாய்" என்று என் வழிகாட்டி கேட்டார். கழுகும் வல்லூறும் டிடிடி என்ற பூச்சிமருந்தால் அழிந்தன என்று எங்கோ படித்த ஞாபகம், அதையே இரண்டு பக்கத்துக்கு இழுத்து எழுதிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. டிடிடியை அங்கே 1972-இலேயே தடை செய்துவிட்டார்கள். தடைக்குப் பிறகு ஏற வேண்டிய கோடு ஏன் இறங்கிக்கொண்டே இருக்கிறது? அதே தரவில் வெண்தலைக் கழுகை ஓட்டிப் பார்த்தேன், அது ஜிவ்வென்று மேலே போகிறது.

இன்னொன்று, 2020-க்கு ஒரு எண் கூட இல்லை. நான் இறக்கியதில் ஏதாவது கோளாறா? இரண்டு வாரத்தில் சமர்ப்பிக்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஊசுட்டேரி_காலை

கோளாறு இல்லை மா. 2020-இல் கொரோனாவால் அந்தக் கணக்கெடுப்பையே நிறுத்திவிட்டார்கள். அந்த வருடத்தைப் பூஜ்ஜியம் என்று போட்டுவிடாதீர்கள், காலியாக விடுங்கள்.

டிடிடி விஷயத்துக்கு வருகிறேன். (புதுச்சேரியில் இருக்கிறேன், பதினைந்து வருடமாகப் பறவை பார்க்கிறேன், வேலை வேறு.) அந்த இரண்டு பக்கத்தைக் கிழிக்க வேண்டாம், ஆனால் அது கழுகின் கதை, கெஸ்ட்ரலின் கதை இல்லை. டிடிடி உடம்புக்குள் போய் டிடிஇ என்ற பொருளாக மாறுகிறது. அது முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேர விடாது. ஓடு மெலிந்துபோய், அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையே தாங்காமல் முட்டை நொறுங்கிவிடும். விஷம் சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு, பெரிய மீனிலிருந்து கழுகுக்கு என்று படிக்குப் படி செறிந்துகொண்டே போகும். அதனால் மீன் தின்னும் வெண்தலைக் கழுகும் விராலடிப்பானும், பறவையையே அடித்துத் தின்னும் பொரி வல்லூறும்தான் அதிகமாக அடி வாங்கின. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் வெண்தலைக் கழுகு 417 ஜோடிதான் எண்ணப்பட்டது. 2007-இல் அருகிவரும் உயிரினப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2018, 2019 கணக்கெடுப்பில் அதே 48 மாநிலங்களில் மதிப்பீடு 71,467 ஜோடி. உங்கள் கோடு ஜிவ்வென்று ஏறுவது அதனால்தான். பொரி வல்லூறு அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 1960களின் நடுவில் கூடு கட்டவே இல்லாமல் போய், கூண்டில் வளர்த்துப் பறக்கவிட்ட பிறகு திரும்பி வந்தது. 1999-இல் அதையும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள்.

கெஸ்ட்ரல் தின்பது வெட்டுக்கிளி, எலி, ஓணான் மாதிரியானவை, அந்தப் படிக்கட்டில் கீழ்ப்படி. அதற்கும் பாதிப்பு இருந்தது, ஆனால் கழுகுக்கு நடந்த அளவுக்கு இல்லை. இதில் ஒரு வேடிக்கை, ஓடு மெலிவதற்கு டிடிடிதான் காரணம் என்று சோதனையில் காட்ட உதவிய பறவைகளில் ஒன்றே இந்த கெஸ்ட்ரல்தான். மேரிலாண்டில் பட்டக்சென்ட் ஆய்வு மையத்தில் கூண்டில் வைத்து டைஎல்ட்ரின் என்ற இன்னொரு பூச்சிமருந்தும் டிடிடியும் கலந்த தீனி கொடுத்துப் பார்த்து 1969-இல் வெளியிட்டார்கள். கூண்டில் கொடுத்தால் ஓடு மெலியும் என்பதும், வெளியே ஐம்பது வருடமாகக் குறைவது அதனால்தான் என்பதும் ஒன்றில்லை, அதைப் பிரித்து எழுதுங்கள்.

அப்படியானால் எதனால் என்று கேட்பீர்கள். சந்தேக வளையத்தில் ஏழெட்டு இருக்கின்றன. டிடிடிக்குப் பிறகு தேறிவிட்ட கூப்பர்ஸ் ஹாக் என்ற பெரிய பறவை இதைப் பிடித்துத் தின்கிறது. விட்டுப்போன பழைய பண்ணைகளில் காடு மண்டிவிட்டது, கெஸ்ட்ரலுக்கோ திறந்த புல்வெளி வேண்டும். பட்ட மரங்களை வெட்டுவதால் பொந்து இல்லை. பூச்சிமருந்தால் இரை இல்லை. எலி மருந்து, வெஸ்ட் நைல் வைரஸ், பருவம் மாறுவது என்று பட்டியல் இன்னும் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊரில் ஆதாரம் இருக்கும், பக்கத்து மாநிலத்தில் அது நிற்காது. 2009-இல் ஓர் ஆய்விதழ் கெஸ்ட்ரலுக்கென்றே சிறப்பிதழ் போட்டும் குற்றவாளி சிக்கவில்லை.

சும்மா_ஒருவன்

தப்பாக நினைக்காதே தங்கச்சி. நம்ம ஊரில் பருந்தும் கழுகும் காணாமல் போய்க்கொண்டிருக்கும்போது பென்சில்வேனியாக் குருவிக்கு எதற்கு ப்ராஜெக்ட்? பெருமாள் ஏரி பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கிறது.

கெடிலக்கரை

பெருமாள் ஏரியில் 1966-லிருந்து எண்ணிய நோட்டு யாரிடமாவது இருந்தால் கொடுங்கள் அண்ணா, இன்றைக்கே தலைப்பை மாற்றிவிடுகிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ஊசுட்டேரி_காலை

சரியான பதில் :) எங்கள் தாத்தா திருக்கழுக்குன்றம் போய் மலைமேல் இரண்டு கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வார், அந்தக் காலத்தில் செத்த மாடு கிடந்தால் வானமே கறுத்துவிடும் என்று. கறுத்துவிடும் என்றால் எத்தனை? நூறா, முந்நூறா? யாரும் எழுதி வைக்கவில்லை. திருக்கழுக்குன்றத்துக்கு வந்தவை மஞ்சள்முகப் பாறு (பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு), 1990களின் கடைசியில் அதுவும் வருவது நின்றுபோனது. வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல முடிகிறதே, எப்படித் தெரியுமா? 1990களின் தொடக்கத்தில் சாலையோரமாகப் போய் இரைகொல்லிப் பறவைகளை எண்ணி வைத்திருந்தார்கள், 2000-இல் அதே சாலைகளில் மறுபடி போனார்கள். முதல் கணக்கு இல்லாவிட்டால் இரண்டாவதற்கு அர்த்தமே இல்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபீனாக் என்ற வலி மருந்துதான் எமன் என்று 2004-இல் ஆய்வு வந்தது, 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். அங்கேயும் ஒரே ஒரு விஷம், வெண்தலைக் கழுகுக்கு டிடிடி போல. கெஸ்ட்ரலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அதாவது குற்றவாளி ஒரே ஆளாக இருக்கும் அதிர்ஷ்டம்.

நெல்லிக்குப்பத்தான்

பென்சில்வேனியாக் குருவி என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன், ஏனென்றால் நான் இருப்பதே பென்சில்வேனியாவில். ஊர் நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலைப் பக்கம். வந்து பதினோரு வருடமாகிறது, கரும்புச்சாறு வாசனைக்கு இன்னும் ஏங்குகிறேன், அது கிடக்கட்டும்.

என் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் ஹாக் மவுண்டன். மலை முகட்டில் பாறைகள், இலையுதிர் காலத்தில் தெற்கே போகிற இரைகொல்லிகள் அந்த முகட்டைப் பிடித்துக்கொண்டுதான் பறக்கும். ஒரு காலத்தில் துப்பாக்கியோடு உட்கார்ந்து சுட்டுக் குவித்திருக்கிறார்கள். 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற அம்மையார் அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துச் சுடுவதை நிறுத்தினார். காவலுக்குப் போட்ட மாரிஸ் பிரவுன் அந்த வருடமே எண்ணத் தொடங்கிவிட்டார். இரண்டாம் உலகப்போரில் சில வருடம் விட்டுப்போனதைத் தவிர இன்றைக்கும் எண்ணுகிறார்கள், ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை தினமும்.

பிரவுன் தலைகளை மட்டும் எண்ணவில்லை, எது குஞ்சு எது முதிர்ந்தது என்றும் குறித்தார். 1935–39-இல் கடந்துபோன வெண்தலைக் கழுகுகளில் 40 சதவீதம் இளசு, 1955–59-இல் 20 சதவீதம்தான். பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றிப் புத்தகம் எழுதிய ரேச்சல் கார்சன் 1962-இல் எடுத்துக்காட்டிய எண்கள் இவை. கிழடுகள் பறந்துகொண்டிருந்தன, பிள்ளை பிறக்கவில்லை. வெறும் மொத்தத்தைப் பார்த்தால் இது தெரியாது. உங்கள் ப்ராஜெக்டில் இருப்பது மொத்தம் மட்டும்தான், எனவே காரணம் அதற்குள்ளிருந்து வராது, வழிகாட்டியிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஹாக் மவுண்டன் கெஸ்ட்ரல் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். வையுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை. குளிர் குறைந்துவிட்டதால் சில பறவைகள் அவ்வளவு தெற்கே போகாமல் வடக்கிலேயே தங்கிவிடுகின்றன. போகாத பறவை மலை முகட்டில் எண்ணிக்கைக்கு வராது, அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் தரவு பெரும்பாலும் ஜூன் மாதம் எடுப்பது, கூட்டில் இருக்கும் காலம், அதனால் இந்தக் குழப்பம் குறைவு.

அப்புறம் பொந்து. எதிர்வீட்டுத் தாத்தா தன் சோளக்காட்டு ஓரம் கம்பத்தில் இரண்டு மரப்பெட்டி மாட்டியிருக்கிறார், ஓட்டை மூன்று அங்குல அகலம். கெஸ்ட்ரல் கூடு கட்டத் தெரியாத சோம்பேறி, ஒரு புல் கூட எடுத்து வராது, மரத்தூளை நாமே போட்டு வைக்க வேண்டும். போன வருடம் ஏணி பிடிக்க என்னைக் கூப்பிட்டார். மூடியைத் திறந்தால் நான்கு குஞ்சு, மல்லாந்து படுத்துக் காலை நீட்டிக் கொக்கி நகத்தைக் காட்டுகின்றன, கோழிக்குஞ்சு அளவில் இருந்துகொண்டு. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி எச்சம். பின்பக்கத்தை உயர்த்திச் சுவரில் பீய்ச்சி அடிக்குமாம், அதனால் நடுத்தரை மட்டும் சுத்தம். நாற்றம் கருவாட்டுக் கொட்டகையைத் தூக்கிச் சாப்பிடும். இந்த வருடம் அதே பெட்டியில் ஸ்டார்லிங் குடியேறிவிட்டது, நம் சோளக்குருவியின் பங்காளி, 1890-இல் நியூயார்க்கில் கொண்டுவந்து விட்டவை. இன்னொரு பெட்டி காலி. மேலே சொன்ன 2009 சிறப்பிதழில் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது, பெட்டிகள் தயாராக இருந்தும் வருகிற ஜோடிகள் குறைந்தன. பொந்துப் பஞ்சம் மட்டும்தான் காரணம் என்றால் பெட்டிகள் நிரம்பியிருக்க வேண்டுமே.

பலாத்தோப்பு

பண்ருட்டிப் பக்கம் விவசாயம். கெஸ்ட்ரல் எனக்குத் தெரியாது. ஆனால் பொந்து என்றதும் எழுதத் தோன்றியது. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் தோப்பில் தாத்தா வைத்த பலா பதினேழு சாய்ந்தது, முந்திரி கணக்கே இல்லை. பணம் போனது ஒரு பக்கம். அந்தக் கிழட்டுப் பலாவில் இருந்த பொந்துகளில் கிளி, மைனா, ஆந்தை எல்லாம் குடித்தனம் நடத்தியவை. புதுக்கன்று வைத்துக் காய்க்க ஆரம்பித்துவிட்டது, பொந்து விழ இன்னும் நாற்பது வருடம் வேண்டும். பனங்காடைக்கு மொட்டைப்பனை வேண்டும், சூளைக்கும் அதே பனைதான் போனது. 2021-லிருந்து பனை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்கிறார்கள், பட்ட மரத்தை யார் கேட்பது? தலையில்லாத மரம் எதற்கு என்று வெட்டிவிடுகிறார்கள். பறவைக்கு அதுதான் வீடு.

மருந்து பற்றியும் சொல்கிறேன். அப்பா காலத்தில் டிடிடி, விவசாயத்துக்கு அதை 1989-இல் நிறுத்தினார்கள். இப்போது முந்திரி பூக்கும்போது தேயிலைக் கொசு வந்தால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கிறாரோ அதை அடிக்கிறோம். நெல்லுக்கு இமிடாகுளோபிரிட். முன்பெல்லாம் வரப்பில் நடந்தால் வெட்டுக்கிளி காலில் வந்து மோதும். இப்போது மோதுவதில்லை. நானும் எண்ணி வைக்கவில்லை, ஆனால் காலுக்குத் தெரியும்.

வட்டிக்கணக்கு

பலாத்தோப்பு ஐயா சொன்ன இமிடாகுளோபிரிட்டை வைத்தே ஒரு சின்னச் சோதனை போடலாம். அந்த மருந்துக் குடும்பம் சந்தைக்கு வந்ததே 1990களில். கெடிலக்கரையின் கோடு அதற்கு முன்பே சரிந்திருந்தால், முதல் காரணம் அதுவாக இருக்க முடியாது. பின்னால் சேர்ந்த காரணமாக இருக்கலாம். எதை எழுதினாலும் தேதியை இப்படி வைத்துப் பாருங்கள்.

வைவாவில் "1.4 சதவீதம்தானே" என்று யாராவது இளக்காரமாகக் கேட்டால் கூட்டுவட்டி சொல்லுங்கள். 70-ஐ 1.4-ஆல் வகுத்தால் 50, அதாவது ஐம்பது வருடத்தில் பாதி. 1966-இல் நூறு இருந்தால் 2019-இல் 47. ஒரு மனிதனின் ஆயுளுக்குள் பாதி போய்விடுகிறது, எந்த ஒரு வருடத்தில் நின்று பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கந்துவட்டிக்காரனுக்கு இது நன்றாகப் புரியும்.

இப்போது உங்கள் முறையில் இரண்டு சந்தேகம். ஆண்டு வாரியாக எல்லாப் பறவையையும் கூட்டி வரைந்தீர்களா? ஆட்கள் நின்று நின்று எண்ணிக்கொண்டு போகிற சாலை வழித்தடங்களின் எண்ணிக்கையே வருடத்துக்கு வருடம் மாறும், கூட்டினால் ஏமாந்துபோவீர்கள், வழித்தடத்துக்குள் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அடுத்தது எண்ணும் ஆள். ஒரு வழித்தடத்தில் முதல் வருடம் எண்ணுபவர் பொதுவாகக் குறைத்தே எண்ணுவார், கண்ணும் காதும் பழகப் பழக எண் கூடும். அதை உங்கள் புள்ளியியல் மாடலில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

இந்தக் கணக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். ஒரு வழித்தடம் சுமார் 39 கிலோமீட்டர், 50 நிறுத்தம், ஒவ்வொன்றுக்கும் இடையே 800 மீட்டர், நிறுத்தத்துக்கு மூன்று நிமிடம், சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடக்கம். குயிலுக்குச் சரியான நேரம். வெயில் ஏறி வெட்டுக்கிளி குதிக்க ஆரம்பித்த பிறகு வேட்டைக்கு வருகிற கெஸ்ட்ரலுக்கு அவ்வளவு சரியில்லை. எல்லா வருடமும் அதே குறையோடு எண்ணியதால் போக்கு தெரியும், உண்மையான தொகை தெரியாது.

1966 என்ற தொடக்கமும் கவனம். அதற்கு முந்தைய நூறு நூற்றைம்பது வருடத்தில் கிழக்கே காட்டை வெட்டிப் பண்ணை ஆக்கியபோது கெஸ்ட்ரல் பெருகியிருந்தது. உச்சத்துக்குப் பக்கத்தில் நின்று எண்ண ஆரம்பித்தால் சரிவு பயங்கரமாகத்தான் தெரியும். அதற்காகச் சரிவு பொய் என்றும் சொல்ல முடியாது.

கெடிலக்கரை

எல்லோருக்கும் நன்றி. வட்டிக்கணக்கு சார், ஆமாம், கூட்டித்தான் வரைந்திருந்தேன் :( நேற்று ராத்திரி வழித்தடம் வாரியாக மறுபடி ஓட்டினேன், சரிவு இருக்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை, சில மாநிலங்களில் கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கிறது. இதை ஏன் முதலிலேயே பார்க்கவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். "காரணங்கள்" என்ற தலைப்பை "இத்தரவைக் கொண்டு விலக்கக்கூடிய காரணங்கள்" என்று மாற்றியிருக்கிறேன். வழிகாட்டி படித்துவிட்டு ஒரு நிமிடம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "சரி, இருக்கட்டும்" என்றார்.

மூன்று நிமிடம் எண்ணுவது எப்படி இருக்கும் என்று பார்க்க இன்று காலை தேவனாம்பட்டினம் போனேன். தம்பியிடம் மொபைலைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். இவ்வளவு நீளமா மூன்று நிமிடம்! காகம் 31, அதில் எத்தனை புதிது எத்தனை பழையது என்று தெரியவில்லை. கொக்கு 4. படகுகள் பக்கம் ஒரு செம்பருந்து வட்டம் போட்டது, சவுக்குத்தோப்புக்குப் பின்னால் மறைந்தது, அரை நிமிடம் கழித்து அதே பக்கத்திலிருந்து ஒன்று வந்தது. தம்பி இரண்டு என்கிறான். எப்படி எழுதுவது?

ஊசுட்டேரி_காலை

ஒரே நேரத்தில் இரண்டும் கண்ணில் பட்டதா?

கெடிலக்கரை

இல்லை.

ஊசுட்டேரி_காலை

அப்போது ஒன்று. காகத்தையும் அப்படியே பாருங்கள், ஒரே பார்வையில் அதிகபட்சம் எத்தனை இருந்ததோ அதுதான் எண். நேரம், இடம், மேகமா வெயிலா எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறும் அதே இடத்தில், அதே நேரத்துக்குப் போய் நில்லுங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் எண்ணுவது நீங்களாக இருக்கட்டும்.